எண்பத்தைந்து வீத நிறம்

என் அம்மா திங்கட்கிழமை காலை பத்து மணி நான்கு நிமிடத்துக்கு, ஒரு முழு எண்ணின் காரணமாகக் காலமானார். அந்த நேரம் அவர் சண்டிலிப்பாய் மாதர் சங்க மண்டபத்தில், கழுத்தில் மாலையோடு நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே செய்தி தெரியவர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

பத்து வருடம் சங்கத் தலைவியாக இருந்ததற்காக அம்மாவுக்குப் பாராட்டு நடந்தது. மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, செயலாளர் தர்சினி அக்கா தன் போனில் ஒரு படம் எடுத்தார். அதை 'பளிச்' என்ற ஆப்பில் போட்டு அழகாக்கி, வந்ததைச் சரியாகப் பாராமலே 'சண்டிலிப்பாய் உறவுகள்' வட்ஸ்அப் குழுவில் ஏற்றினார். கீழே இப்படி எழுதிவிட்டு, போனை வைத்து ரோல்ஸ் பரிமாறப் போனார்: "பத்மாவதி அக்காவின் பத்தாண்டுப் பணிக்கு எமது நன்றிகள். என்றும் எம் மனங்களில்."

படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவருடைய படம் மாலையோடும் விளக்கோடும் கறுப்பு வெள்ளையில் வந்தால், கீழே எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை. பத்து ஏழுக்குக் கனடாவில் நித்திரை கொள்ளாத ஒருவர் முதலாவது "ஆழ்ந்த இரங்கல்" போட்டார். பத்து இருபதுக்குள் அது நூற்றுப் பத்தாகியது. பத்து ஐம்பதுக்கு எங்கள் விளையாட்டுக் கழகச் செயலாளர் ஜெயசுதன் அந்தப் படத்தை வைத்தே கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்து, சந்தி மின்கம்பத்தில் கட்டி, கட்டியதைப் படமெடுத்து அதே குழுவில் போட்டான். மைதானத்தில் புல் வெட்டுவதற்கு மூன்று வருடமாக ஆள் சேர்க்க முடியாத கழகம் அது.

'பளிச்' என்னுடைய ஆப்.

நான் யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் இறுதி வருட மாணவன். பெயர் சிவகரன். பத்து முப்பத்தைந்துக்கு நான் கன்ரீனில் இருந்தேன். என்னோடு படிக்கும் றஞ்சித் வந்து தோளில் கை வைத்தான். இவன் நான்கு வருடத்தில் என் தோளில் கை வைத்ததில்லை.

"மச்சான், தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளியிலை வா."

"என்னடா?"

"இல்லை, நீ முதல்லை குடி."

பிறகு தன் போனைக் காட்டினான்.

அதன் பிறகு வந்த ஆறு நிமிடங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கன்ரீன் தரையில் அந்த மேசைக்கும் வாசலுக்கும் இடையில் நாற்பத்தொரு கற்கள் பதித்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது கல் உடைந்திருக்கிறது. அவ்வளவுதான். அம்மாவுக்கு எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. மண்டபத்துக்குப் போனால் கைப்பைக்குள் போனைச் சத்தமில்லாமல் வைப்பது அம்மாவின் வழக்கம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஏழாவது நிமிடம் படத்தை மறுபடி பார்த்தேன். சுற்றிவர மெல்லிய கறுப்புக் கரை. நான்கு மூலையிலும் பூ. இடப்பக்கக் கீழ்மூலைப் பூவில் ஓர் இதழ் குறைவு.

அந்த இதழை வரைய மறந்தவன் நான். அந்தக் கரை கடும் அரக்கு நிறத்தில் இருக்க வேண்டியது. அம்மாவின் சேலை கத்தரிப்பூ நிறம். அதுவும் சாம்பலாக இருந்தது. குத்துவிளக்கின் சுடரும் சாம்பல். உலகத்தில் எவருடைய செத்தவீட்டிலும் சுடர் சாம்பலாக எரிந்ததில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. நான் சிரித்தேன். றஞ்சித் என்னைக் கட்டிப்பிடித்தான். துக்கத்தில் சிலர் சிரிப்பார்கள் என்று அவன் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான்.

நடந்தது இதுதான். 'பளிச்' படங்களின் நிறத்தைத் திருத்தும் ஆப். அதில் நிறச்செறிவு என்று ஓர் எண் உண்டு. நூறு என்றால் படம் உள்ளபடி இருக்கும். பூச்சியம் என்றால் நிறமே இருக்காது. எல்லோருக்கும் முதலில் நூறு என்றுதான் வைத்திருந்தேன். ஊர் மாமிமார் முறைப்பாடு செய்தார்கள்: சிவப்புச் சேலை கண்ணைக் குத்துகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நூறை எண்பத்தைந்து ஆக்கிப் புதிய பதிப்பை ஏற்றினேன். காலை விடிவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு போன்களும் தாமாகவே அதை இறக்கிக்கொண்டன.

ஆப் அந்த எண்ணை நூறால் வகுத்துத்தான் பயன்படுத்தும். எண்பத்தைந்தை நூறால் வகுத்தால் சைபர் தசம் எட்டு ஐந்து என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் இரண்டையும் முழு எண்களாகக் கணினியிடம் கொடுத்தால், விடையையும் முழு எண்ணாகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அது எறிந்துவிடும். மிச்சம் பூச்சியம். நூறை நூறால் வகுத்தபோது ஒன்று வந்ததால் இத்தனை மாதமும் இந்தப் பிழை வாய் திறக்கவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். அந்தப் பின்னேரம் கையில் அகப்பட்டதைப் படமெடுத்து, கரை போடாமல் ஆப்பில் போட்டு, சரியாக வருகிறது என்று கண்டேன். சீமெந்து மதிலில் இருந்த காகம்.

திருத்த ஒரு நிமிடம் போதும். நூறுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒரு பூச்சியமும். அதைக் கன்ரீன் மேசையிலேயே செய்து ஏற்றினேன். ஆப் கடையில் அனுமதி கிடைத்துப் போன்களுக்குப் போகப் பின்னேரமாகும். அதனாலென்ன, அம்மா உயிரோடு இருக்கிறார், குழுவில் ஒரு வரி போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு குழுவைத் திறந்தபோது, அண்ணனின் செய்தி இருந்தது.

"அம்மாவை எடுக்க வேண்டாம். நான் வாறன். கொள்ளி நான்தான் வைப்பன். வழக்கு எனக்கு இனி வேண்டாம்."

அண்ணன் கேதீஸ்வரன் பாரிசில் இருக்கிறார். அகதி விண்ணப்பம் போட்டு ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். கடைசி மேன்முறையீடு அன்றுதான், அந்தத் திங்கட்கிழமைதான், அவர்களுடைய நேரம் ஒன்பது மணிக்கு. எங்களுடைய நேரம் பன்னிரண்டரை. போகாவிட்டால் கோப்பு மூடப்படும். மூடினால் திறக்க முடியாது. அதற்காகத்தான் அம்மா அன்று விடிய வெள்ளனக் கோயிலுக்குப் போய் அண்ணன் பெயரில் அர்ச்சனை செய்திருந்தார். வழக்கை எழுத்தில் விட்டுக்கொடுத்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஓர் அலுவலகம் அங்கே இருக்கிறது. அண்ணன் அங்கே போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மணி பத்து ஐம்பத்தெட்டு.

அண்ணனுக்கு எடுத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி எடுத்தேன். வேறு அழைப்பு. கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே எல்லாம் வரிசையில் நின்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தன. குழுவில் எழுதினேன்: "அம்மா உயிரோடு இருக்கிறார். படத்தின் நிறம் மட்டும்தான் பிழை."

உடனே பதில்கள் வந்தன.

"தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளும்."

"பாவம் பொடியன். ஆராவது பக்கத்திலை நில்லுங்கோ."

"அம்மா என்றும் உயிரோடுதான் இருப்பார், எங்கள் நெஞ்சங்களில்."

பிறகு என் செய்தி மேலே மேலே போய், கூப்பிய கைகளுக்குள் மறைந்தது.

றஞ்சித்தின் மோட்டார்சைக்கிளைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சந்தியில் அம்மா மின்கம்பத்தில் தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஜெயசுதன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தாமல் கத்தினேன்: "கழட்டடா அதை! அம்மா சாகேல்லை!"

"ஓம் மச்சான், ஓம்," என்றான் அவன் அன்பாக. "நீ மெதுவாய்ப் போ. ரெண்டு செத்தவீடு தாங்கேலாது."

வீட்டுக்குப் போனபோது பதினொன்று இருபத்தைந்து. அம்மா சேலை மாற்றாமல் விறாந்தையில் நின்று கைப்பைக்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றி ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்.

"என்னடா, வகுப்பில்லையோ? அண்ணன் எடுத்தவனோ? இப்ப எழும்பி வெளிக்கிட்டிருப்பான். ஐயோ, அம்பத்தேழு கோல் வந்து கிடக்கு, ஆர் உது?"

சொன்னேன். நிறச்செறிவைப் பற்றிச் சொல்லவில்லை. "நீங்கள் செத்துப்போனியள் எண்டு அண்ணை நினைக்கிறார். கோட்டுக்குப் போகாமல் வரப்போறாராம்" என்றேன்.

அம்மா கத்தவில்லை. நின்ற இடத்தில் அப்படியே தரையில் இருந்தார். "ஒம்பது வரியம்," என்றார். "ஒம்பது வரியம் சிவா."

பிறகு எழும்பி, "எடு அவனுக்கு. என்ரை குரலைக் கேக்கட்டும்" என்றார்.

வீடியோ அழைப்பு எடுத்தோம், வெட்டினார். அம்மாவைப் பூவரச வேலிக்கு முன்னால் நிறுத்தி, என் போனிலேயே, எந்த ஆப்பிலும் போடாமல், கத்தரிப்பூச் சேலை கத்தரிப்பூவாகவே தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நிறுத்தினார். மறுபடி எழுதினார்.

"அப்பாவுக்கும் நீ இப்பிடித்தான் படம் அனுப்பினனி."

இதைச் சொல்லாமல் விடலாம் என்று இருந்தேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பரீட்சையோ வழக்கோ சத்திரசிகிச்சையோ இருந்தால், வீட்டில் நடந்த சாவை முடியும் வரைக்கும் மறைப்பார்கள். இது வஞ்சகமில்லை, பாசத்தில் ஒரு வகை. செத்தவருக்குச் சளி என்பார்கள், நித்திரை என்பார்கள், போனுக்கு சார்ஜ் இல்லை என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அப்பா செத்தபோது அண்ணனுக்கு இரண்டாவது விசாரணை இருந்தது. "அவனுக்குச் சொல்லாதை" என்றார் அம்மா. அண்ணன் அப்பாவின் படம் கேட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த கடைசிப் படம் ஒன்று இருந்தது. மஞ்சள்காமாலையில் முகம் பழுத்துப்போயிருந்தது. நான் மஞ்சளைக் குறைத்தேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். உதட்டுக்கும். பின்னாலிருந்த சுவரைப் பிரகாசமாக்கினேன். அனுப்பினேன். அண்ணன் எழுதினார்: "அப்பா தெளிஞ்சிட்டார். இப்பதான் எனக்கு உயிர் வந்தது." அப்பாவை எரித்து அன்று ஆறாம் நாள்.

அந்த விசாரணையிலும் நிராகரித்துவிட்டார்கள். உண்மை தெரிந்தபோது அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "இனி நீ அனுப்பிற படம் ஒண்டையும் நான் நம்பமாட்டன்." நான் நிறம் திருத்தக் கற்றுக்கொண்டது அந்தப் படத்தில்தான். 'பளிச்' அதிலிருந்துதான் வந்தது. கல்லூரிக்குக் கொடுத்த அறிக்கையில், 'ஆர்வம் தோன்றிய விதம்' என்ற இடத்தில், சிறு வயதிலிருந்தே என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது நான் "அம்மா உயிரோடு இருக்கிறார்" என்று எத்தனை முறை சொல்கிறேனோ, அம்மா அத்தனை முறை சாகிறார். அன்று வழக்கு; ஆகவே மறைக்கிறார்கள்; ஆகவே செத்துவிட்டார். அண்ணனுடைய கணக்கில் பிழையே இல்லை.

அம்மா குரலில் ஒரு செய்தி அனுப்பினார். "தம்பி கேதீஸ், அம்மா கதைக்கிறன், ஓடு ராசா கோட்டுக்கு." அதற்கும் பதில் வந்தது: "எந்த வருசத்து வொய்ஸ்?"

மணி பதினொன்று நாற்பத்தாறு.

"பெரியப்பாவைக் கொண்டு சொல்லுவிப்பமோ?" என்றேன்.

"அவரும் அண்டைக்கு மறைச்சவர்."

"தர்சினி அக்கா?"

"அவளுந்தான். செத்த கொப்பர் கிணத்தடியிலை நிக்கிறார் எண்டு அவனுக்குச் சொன்னவளே அவள்தான்."

ஊர் முழுக்க எண்ணிப் பார்த்தோம். எங்களுக்காகப் பொய் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். அம்மா மாலை தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் திரும்பி வேலியைப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூரணம் மாமி இருக்கிறார். அம்மாவும் அவரும் கதைத்து ஆறு வருடம். எல்லை வேலிக் கதியால் ஒன்பது அங்குலம் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பது அம்மாவின் வழக்கு. மாமியின் பூவரசில் அம்மா ஆட்டுக்குக் குழை முறிக்கிறார் என்பது மாமியின் வழக்கு. "காத்துக்கு முறிஞ்சிருக்கும்" என்று அம்மா கிராம சேவகர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். அப்பாவின் சாவை அண்ணனுக்கு மறைத்தபோது மாமியிடம் மட்டும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் உறவு இல்லை.

"அவள் எங்களுக்காக ஒரு சொல்லுப் பொய் சொல்லமாட்டாள்," என்றார் அம்மா. "அவனுக்கும் அது தெரியும். ஓடு."

ஒழுங்கையால் சுற்றி ஓடினேன். பூரணம் மாமி படலைக்கு உள்ளே, போவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். வெளிறிய வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். கண் நன்றாகச் சிவந்திருந்தது.

"வெங்காயம் உரிச்சனான்" என்றார், நான் கேட்க முதலே. வெங்காயம் எதையும் காணவில்லை. "எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"மாமி, அம்மா சாகேல்லை."

"ஓம் மோனை. வா, இந்தக் குந்திலை இரு. தண்ணி தரட்டோ?"

"ஐயோ மாமி, மெய்யாய்!"

அப்போது வேலிக்கு மேலால் அம்மாவின் குரல் வந்தது. ஆறு வருடத்தில் முதல் முறை.

"பூரணம்! உயிரோடைதான் நிக்கிறன்!"

மாமி வேலியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பக்கம் கத்தரிப்பூ நிறம் அசைந்தது.

"அப்ப நான் சீலை மாத்தினது வீண்" என்றார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமி கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பாரிசில் எட்டரை. "மாமி, உங்கடை காலைப் பிடிக்கிறன்" என்று குனிந்தேன்.

"காலை விடு. போனைத் தா."

"உங்கடை போனிலை எடுங்கோ. என்ரை எண்டால் வெட்டுவார்."

மாமியின் போனில் எடுத்தோம். வேறு அழைப்பு. மறுபடி. வேறு அழைப்பு. மூன்றாவது முறை மணி அடித்தது. அண்ணன் எடுத்தார். பின்னால் ரயில் சத்தம்.

"மாமி..." என்றார் அண்ணன். "மாமி, நீங்களுமோ... பகையை மறந்து நீங்களும்..."

"ஆர் மறந்தது? நான் ஒண்டும் மறக்கேல்லை" என்றார் பூரணம் மாமி. "கேள் தம்பி. கொம்மா சாகேல்லை. காலமை கோயிலாலை வந்த கையோடை என்ரை பூவரசிலை அஞ்சு கொப்பு முறிச்சு உங்கடை ஆட்டுக்குப் போட்டவ. நான் குசினிச் சன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். செத்தவள் குழை முறிப்பாளே?"

"மாமி, உங்களைச் சொல்லச் சொன்னவையோ?"

"உங்கடை வீட்டார் சொல்லி நான் எப்பவடா கேட்டனான்?" மாமி போனை வேலிப் பக்கம் நீட்டினார். "இந்தா, அவவையே கேப்பம். பத்மாவதி! காலமை என்ரை பூவரசிலை முறிச்சனியோ, இல்லையோ?"

அணைத்த கற்பூரத்தின் புகை அம்மாவின் தொண்டையில் இருந்தது என்று நினைக்கிறேன்.

"முறிச்சனான்."

"சத்தமாய்."

"முறிச்சனான்!"

"எத்தினை நாளாய்?"

"பூரணம், பிள்ளைக்கு நேரம் போகுது!"

"எத்தினை நாளாய் எண்டு கேட்டனான்."

"ஆறு வரியமாய்! ஆறு வரியமும் நான்தான் முறிச்சனான்! காத்தில்லை!" அம்மா இப்போது அழுதுகொண்டு கத்தினார். "ஓடடா கேதீஸ்! கோட்டுக்கு ஓடு!"

போனில் ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிறகு அண்ணனின் மூச்சு, ஓடுகிற மூச்சு. "எதிர்ப்பக்க ரயிலிலை நிக்கிறன். இறங்கி மாறவேணும். நாப்பது நிமிசம்..." இணைப்பு அறுந்தது.

மணி பன்னிரண்டு எட்டு. நாற்பது நிமிடம் என்றால் பன்னிரண்டு நாற்பத்தெட்டு. விசாரணை பன்னிரண்டரை. இந்தக் கழித்தலை நான் முழு எண்ணிலும் செய்தேன், தசமத்திலும் செய்தேன்.

அதன் பிறகு ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. பூரணம் மாமி என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்து விறாந்தையில் ஒரு மூலையில் இருந்தார். அம்மா மறு மூலையில். செத்தவீட்டுக்கு வந்தவர் போல மாமி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா செத்தவர் போலவே இருந்தார். ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. அண்ணனின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே இருக்கிறார் என்பதாலும் இருக்கலாம். கதவு மூடியிருந்தது என்பதாலும் இருக்கலாம்.

இரண்டு மணிபோல ஜெயசுதன் பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். அம்மாவை நேரில் கண்டதும் ஒரு காலைப் படலைக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டான்.

"குறை நினையாதேங்கோ அம்மா. படத்தைப் பாத்திட்டுத்தான்... நல்ல படம். திகதி மட்டும்தான் பிழை. அதை வெட்டிப்போட்டுப் பத்திரமாய் வைக்கட்டோ?"

"வைச்சிட்டுப் போ" என்றார் பூரணம் மாமி.

குழுவில் இதற்குள் செய்தி மாறிவிட்டது. "மறுபிறவி எடுத்த பத்மாவதி அக்காவுக்கு வாழ்த்துகள்" என்று ஒருவர் தொடக்கிவைக்க, நூற்று நாற்பது வாழ்த்துகள். எல்லாவற்றுக்கும் அதே சாம்பல் படம்.

இரண்டு இருபத்தைந்துக்கு அம்மாவின் போன் ஒலித்தது. அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான்தான் திறந்தேன்.

முதலில் எழுத்து: "நேரம் பிந்திப் போனனான். லோயர் என்னைக் கடைசி ஆளாய் மாத்தி வைச்சிருந்தார். கூப்பிட்டவை. கதைச்சனான். மூண்டு கிழமையிலை கடிதம் வருமாம். ஒண்டும் தெரியாது."

பிறகு படம். நீதிமன்ற வாசலில் நின்று தன்னையே எடுத்திருக்கிறார். அண்ணன் அன்று முழுவதும் படங்களை நம்பாதவர். அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புவதென்றால் மட்டும் 'பளிச்'சைத்தான் திறந்திருக்கிறார். முதன்முதலில் அந்த ஆப்பை இறக்கி ஐந்து நட்சத்திரம் போட்டவரும் அவர்தான். புதிய பதிப்பு அவருடைய போனுக்கு இன்னும் போகவில்லை.

படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. சுற்றிவர மெல்லிய கறுப்புக் கரை. நான்கு மூலையிலும் பூ. இடப்பக்கக் கீழ்மூலையில் ஓர் இதழ் குறைவு.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் தெரிந்திருந்தும் நான் மேலே இருந்த எழுத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

"ஒண்டுமில்லை அம்மா. அந்தப் பிழைதான். அண்ணை சுகமாய் நிக்கிறார். இப்பதானே எழுதினவர்."

அம்மா போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். அண்ணனின் கண்ணைத் தொட்டு, இரண்டு விரலால் பெருப்பித்தார். திரை முழுக்க ஒரு கண். வெள்ளை சாம்பல், நரம்பும் சாம்பல்.

"கண் சிவந்திருக்கோ?"

"தெரியேல்லை அம்மா."

"அழுதிருக்கிறானோ எண்டு பார். உள்ளுக்குப் போய் என்ன நடந்ததோ. கண்ணைப் பாத்தால் எனக்குத் தெரியும். நிறத்தைத் திருப்பிப் போடு."

"ஏலாது. ஒருக்கால் எடுத்தால் படத்துக்குள்ளை அது இல்லை."

"கொப்பருக்குப் போட்டனிதானே?"

பூரணம் மாமி எழும்பி வந்து அம்மாவின் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தார். "சிவந்துதான் இருக்கும்," என்றார். "எடுத்துக் கேள்."

அண்ணனுக்கு எடுத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். அம்மா உயிரோடு இருப்பதற்கு வாழ்த்துச் சொல்ல, கனடாவும் லண்டனும் வரிசையில் நின்றன.